பாட்டு சிடிக்குள் வந்த பூட்டு

2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் ஒரு நீண்ட குறிப்பை இணையத்தில் வெளியிட்டார். விண்டோஸின் அடித்தளம்வரை அறிந்தவர் என்று பெயர் பெற்றவர் அவர். கணினிக்குள் தன்னை மறைத்துக்கொண்டு வாழும் நிரல்களுக்கு ரூட்கிட் என்று பெயர். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு கருவியை அவர் எழுதியிருந்தார். அதைச் சோதிப்பதற்காகத் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்த்தபோது, மறைந்திருந்த ஒரு கோப்புறையும் சில டிரைவர்களும் ஒரு நிரலும் அகப்பட்டன. தடம் பிடித்துக்கொண்டே போனார். அது ஒரு பாட்டு சிடியில் போய் நின்றது. வான் ஸான்ட் சகோதரர்களின் ‘கெட் ரைட் வித் த மேன்’ என்ற தொகுப்பு அது. தெருவோரத்தில் கிடைத்த கள்ள சிடி அல்ல, அமேசானில் காசு கொடுத்து வாங்கியது. வெளியிட்டது சோனி பிஎம்ஜி.

இருபது ஆண்டுகள் ஆகியும் இந்தச் சம்பவத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. கணினிப் பாதுகாப்பு, டிஜிட்டல் பாட்டு-படம்-புத்தகம் ஆகிய இரண்டையும் நாம் வேறு வேறு பேச்சாக வைத்திருக்கிறோம். முன்னது வைரஸ், கடவுச்சொல், வங்கி மோசடி பற்றியது. பின்னது திருட்டு விசிடி, உரிமைத்தொகை, சந்தா பற்றியது. அந்த சிடி இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக் காட்டியது. நான் வாங்கிய கணினி யார் சொல்லைக் கேட்கும் என்பதுதான் அந்த முடிச்சு.

அந்த சிடி செய்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கணினியில் போட்டதும் விண்டோஸின் ஆட்டோரன் வசதி அதிலிருந்த நிறுவல் நிரலைத் தானாக எழுப்பும். நம் ஊர் ப்ரவுசிங் சென்டர்களில் பென் டிரைவைச் செருகியதும் வைரஸ் ஒட்டிக்கொண்ட காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி தெரிந்ததுதான். கான்ஃபிக்கர் புழு பின்னாளில் நுழைந்த வழிகளில் ஒன்றும் இதே ஆட்டோரன். சிடியின் நிறுவல் நிரல் காட்டும் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தால் பாட்டு ஓட்டும் நிரல் ஒன்று வரும். அதோடு சேர்ந்து, ஒப்பந்தத்தில் சொல்லாத எக்ஸ்சிபி என்ற காவல் மென்பொருளும் உள்ளே இறங்கும். இங்கிலாந்தின் ஃபர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் என்ற நிறுவனம் எழுதியது அது. விண்டோஸின் உட்கருவையே திருத்தி, டாலர் குறிகளுக்கு நடுவே எஸ்-ஒய்-எஸ் என்ற எழுத்துகளோடு பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும். சிடி உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு நொடிக்கு ஒரு முறை, கணினியில் ஓடும் நிரல்களை எல்லாம் அது துருவிக்கொண்டிருந்தது. நீக்குவதற்கு வழி எதுவும் வைக்கவில்லை. டிரைவர்களைக் கையால் அழித்தால் சிடி டிரைவே காணாமல் போகும். ருசினோவிச்சுக்கு அப்படித்தான் ஆனது. அவர் மீட்டெடுத்துவிட்டார். மற்றவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

பெயரை வைத்து மறைக்கும் அந்த முறையில் ஓர் ஆழமான தவறு இருந்தது. தன் கோப்பை மட்டும் அது மறைக்கவில்லை; அந்த எழுத்துகளில் பெயர் தொடங்கினால் யாருடைய கோப்பையும் மறைத்தது. சில நாட்களிலேயே ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் ஏமாற்றுபவர்கள் தங்கள் நிரல்களுக்கு அந்தப் பெயரை வைத்துக் கண்காணிப்பிலிருந்து தப்பினார்கள். நவம்பர் 10 வாக்கில் அதே மறைவிடத்தைப் பயன்படுத்தும் ட்ரோஜன் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. பாட்டு நிறுவனம் தனக்காகத் திறந்துவைத்த கதவு வழியாக வேறு ஆட்கள் நுழைந்தார்கள்.

நிறுவனம் கொடுத்த மருந்தோ நோயைவிட மோசமாக இருந்தது. மென்பொருளை நீக்க விரும்புபவர்கள் படிவம் நிரப்பிக் கேட்க வேண்டும். பிறகு உலாவி வழியாக ஒரு நீக்கும் கருவி வரும். அந்தக் கருவி கணினியில் விட்டுவைத்த ஒரு துண்டு நிரல், எந்த வலைத்தளம் சொன்னாலும் எதையும் இறக்கி ஓட்டத் தயாராக இருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட் ஃபெல்டனும் அவருடைய மாணவர் ஜே. அலெக்ஸ் ஹால்டர்மேனும் இதை வெளியே கொண்டுவந்தார்கள். சோனி பிஎம்ஜி வேறு சில தொகுப்புகளில் வைத்திருந்த மீடியாமேக்ஸ் என்ற இன்னொரு காவல் மென்பொருள், ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று சொன்னவர்களின் கணினியிலும் கோப்புகளை இறக்கியது. இந்த இடம்தான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகும் அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு எந்த வணிகக் காரணமும் போதாது.

எக்ஸ்சிபி இருந்தவை 52 தொகுப்புகள். கடைகளுக்குப் போனவை ஏறத்தாழ 47 லட்சம் சிடிகள், விற்றவை 21 லட்சம். எத்தனை கணினிகளில் இறங்கியது என்பதை யாரும் நேரடியாக எண்ண முடியாது. அந்த மென்பொருள் சோனியின் முகவரியைத் தேடிப் போவதால், அந்தத் தேடல் இணையத்தின் பெயர் சர்வர்களில் தடம் விட்டுச் செல்லும். பாதுகாப்பு ஆய்வாளர் டேன் காமின்ஸ்கி அந்தத் தடங்களை எண்ணி, 5,68,000-க்கும் மேற்பட்ட பெயர் சர்வர்கள் அந்த முகவரியைக் கேட்டிருப்பதைக் காட்டினார். ஒரு சர்வருக்குப் பின்னால் ஒரு வீடும் இருக்கலாம், ஓர் அலுவலகமே இருக்கலாம். நவம்பர் நடுவில் சிடிகள் திரும்பப் பெறப்பட்டன. டெக்சஸ் மாநிலம் வழக்குப் போட்டது. 2007 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டில், கணினி சேதமடைந்தவர்களுக்கு 150 டாலர் வரை தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இவ்வளவும் எதற்காக? காசு கொடுத்து வாங்கியவர் மூன்றுக்கு மேல் நகல் எடுக்காமல் தடுப்பதற்கு. வாங்கவே வாங்காமல் இணையத்தில் இறக்கிக்கொண்டவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நேர்மையாகக் கடைக்குப் போனவருக்குத்தான் ரூட்கிட் கிடைத்தது. தான் வாங்கிய பாட்டைத் தன் ஐபாடில் போட்டுக்கொள்ளவும் அவரால் நேர்வழியில் முடியவில்லை.

ஒரு நிறுவனத்தின் பிழையாக இதை முடித்துவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூட்டின் தர்க்கமே அதை அங்கே கொண்டுபோய் விட்டது.

குறியாக்கம் வேலை செய்ய மூன்று பேர் வேண்டும். அனுப்புபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், நடுவில் ஒட்டுக்கேட்பவர் ஒருவர். சாவி முதல் இருவரிடமும் இருக்கும், மூன்றாமவரிடம் இருக்காது. நான் வங்கிக்கு அனுப்பும் செய்தியை வழியில் யார் பிடித்தாலும் அவருக்குப் புரியாது. இந்தக் கணக்கு அரை நூற்றாண்டாக உறுதியாக நிற்கிறது. டி.ஆர்.எம். என்று சொல்லப்படும் டிஜிட்டல் பூட்டில் இரண்டே பேர். பெறுபவரும் ஒட்டுக்கேட்பவரும் ஒரே ஆள். படத்தை நான் பார்க்க வேண்டுமானால் என் கருவியில் சாவி இருந்தாக வேண்டும். ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியக் கூடாது. பூட்டிய பெட்டியையும் சாவியையும் என் கையிலேயே கொடுத்துவிட்டு, சாவியை என் சட்டைப்பைக்குள் எங்கோ தைத்து வைத்திருக்கிறோம், தேடாதே என்கிறார்கள். எழுத்தாளர் கோரி டாக்டரோ 2004-இல் மைக்ரோசாஃப்டிலேயே போய் இதைத்தான் விளக்கினார்.

டிவிடியின் பூட்டு இப்படித்தான் உடைந்தது. 40 பிட் நீளமுள்ள சாவி, அமைப்பும் பலவீனமானது. 1999-இல் நார்வேயைச் சேர்ந்த யான் லெக் யொஹான்சென் என்ற பதின்வயதுப் பையனின் பெயரோடு டிசிஎஸ்எஸ் என்ற நிரல் வெளியானது. அவர்மேல் வழக்குப் போட்டார்கள். தன் டிவிடியைத் தானே திறந்து பார்ப்பது குற்றமல்ல என்று 2003-இல் இரண்டு நிலை நீதிமன்றங்களும் அவரை விடுவித்தன. அடுத்து ப்ளூரே, எச்டி டிவிடி தட்டுகளுக்கு வலுவான குறியாக்கத்தோடு புதிய பூட்டு போட்டார்கள். 2007-இல் அதன் சாவிகளில் ஒன்று இணையமெங்கும் ஓடியது. கணிதம் தோற்கவில்லை. சாவி வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

உடையத்தான் போகிறது என்று தெரிந்த பூட்டைக் கொஞ்ச காலமாவது நிற்கவைக்க இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, கணினியை அதன் உரிமையாளரிடமிருந்து மறைப்பது. இரண்டாவது, தேடுபவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம். முதல் வழியின் பெயர்தான் ரூட்கிட்.

இரண்டாவது வழி 1998-இல் அமெரிக்காவில் திறந்தது. டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆம் பிரிவு பூட்டைத் தாண்டுவதையே குற்றமாக்கியது. தாண்டிய பிறகு செய்யும் காரியம் நியாயமானதா என்பது அதற்கு முதன்மையில்லை. இசைத் தொழில்துறையினர் 2000-இல் தங்கள் புதிய நீர்க்குறிகளை உடைத்துப் பாருங்கள் என்று பொதுச் சவால் விட்டார்கள். ஃபெல்டனின் குழு உடைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதைக் கட்டுரையாக வாசிக்க இருந்தபோது மிரட்டல் கடிதம் வந்தது. வாசிக்காமல் திரும்பப் பெற்றார்கள். ஆகஸ்டில்தான் வேறோர் அரங்கில் வாசிக்க முடிந்தது. அதற்கு முந்தைய மாதம், டிமிட்ரி ஸ்கிலியாரோவ் என்ற ரஷ்ய நிரலாளர் மின்னூல் பூட்டுகளின் பலவீனம் பற்றி லாஸ் வேகஸில் உரையாற்றிவிட்டு ஊர் திரும்பவிருந்த நிலையில் கைது செய்யப்பட்டார். அவருடைய நிறுவனத்தின் மீதான வழக்கு 2002 டிசம்பரில் விடுதலையில் முடிந்தது. ஆனால் ஒரு பேச்சுக்காகப் போனவர் சிறையைப் பார்த்தார் என்பது அந்தத் துறையிலிருந்த எல்லோருக்கும் போதுமான செய்தி.

அதன் விலை 2005-இல் தெரிந்தது. ருசினோவிச் எழுதுவதற்கு ஒரு மாதம் முன்பே ஃபெல்டனுக்கும் ஹால்டர்மேனுக்கும் சோனி சிடிகளில் ஏதோ தவறு இருப்பது தெரிந்திருந்தது. அந்த மாதத்தை அவர்கள் வழக்கறிஞர்களோடு பேசிக் கழித்தார்கள். ஹால்டர்மேனுக்கு முன் அனுபவமும் இருந்தது. 2003-இல் வேறொரு சிடிப் பூட்டைப் பற்றி, சிடியைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் போதும், பூட்டு வேலை செய்யாது என்று எழுதியதற்காக அந்த நிறுவனம் வழக்குப் போடுவதாக அறிவித்துப் பிறகு கைவிட்டது. லட்சக்கணக்கான கணினிகள் திறந்து கிடந்த ஒரு மாதம், அதை அறிந்தவர்கள் வாய் திறக்க அஞ்சிய மாதம். பதிப்புரிமைச் சட்டம் கணினிப் பாதுகாப்பைக் கெடுக்கிறது என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2006-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாப்பு ஓட்டையுள்ள சிடிப் பூட்டுகளைச் சோதிப்பதற்கு மட்டும் விலக்கு தந்தது. நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் பரந்த விலக்கு வர இன்னும் பத்தாண்டுகள் ஆயின. இன்றும் அது மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய சலுகைதான்.

இந்தியாவின் நிலை இதில் கவனிக்கத்தக்கது. 2012-இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவு வந்தது. பூட்டை உடைப்பதற்கு இரண்டாண்டு வரை சிறை என்றாலும், பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். குறியாக்க ஆராய்ச்சிக்கும், உரிமையாளரின் அனுமதியோடு செய்யும் பாதுகாப்புச் சோதனைக்கும் அந்தப் பிரிவிலேயே இடம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தைவிட இது அறிவுள்ள சட்டம் என்று தயங்காமல் சொல்வேன். இதை எழுதியவர்கள் நோக்கத்தைப் பார்த்தார்கள், வெறும் செயலை மட்டும் பார்க்கவில்லை. ஆனாலும் நம் ஊர் ஆய்வாளருக்கு அச்சம் தீர்ந்துவிடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகள், அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதைத் தண்டிக்கின்றன. தன் போனில் ஓடும் செயலியை ஆராயும் இளைஞர், அது பேசும் சர்வரைத் தொட்ட கணத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அவருக்கே தெளிவாக இருக்காது.

பழைய சிடியோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக மூன்று டிரைவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இயங்குதளத்தின் உட்கருவில் அமரும் நிரல்தான் டிரைவர். அங்கே ஓர் ஓட்டை இருந்தால் கணினியே போனது.

முதலாவது, சேஃப்டிஸ்க் என்ற விளையாட்டுப் பூட்டின் டிரைவர். விளையாட்டு ஓட வேண்டும் என்பதற்காக விண்டோஸ் எக்ஸ்பியோடும் சர்வர் 2003-ஓடும் அதைச் சேர்த்தே கொடுத்தார்கள். வாழ்நாளில் ஒரு விளையாட்டும் வாங்காதவரின் கணினியிலும், அலுவலக சர்வரிலும் அது உட்கார்ந்திருந்தது. 2007-இல் அதிலிருந்த ஓட்டையைத் தாக்குபவர்கள் பயன்படுத்துவது தெரிந்தது. டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அடைத்தது. விண்டோஸ் 10 வந்தபோது அந்த டிரைவரையே விலக்கிவிட்டார்கள். சரியான முடிவுதான். ஆனால் அந்தப் பூட்டோடு விற்ற பழைய விளையாட்டுகளின் அசல் தட்டுகள் அன்றோடு ஓடாமல் போயின. முதலில் பாதுகாப்பு போயிற்று, பிறகு பொருளும் போயிற்று.

இரண்டாவது, 2016 செப்டம்பரில் கேப்காம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’-க்கு அனுப்பிய புதுப்பிப்பு. ஏமாற்று வேலையைத் தடுக்க வந்த அதன் டிரைவர், ப்ராசஸர் வன்பொருளிலேயே உள்ள ஒரு காவலை அணைத்துவிட்டு, கேட்கும் எந்த நிரலையும் உட்கருவின் அதிகாரத்தோடு ஓட்டிக் கொடுத்தது. ஒரே நாளில் திரும்பப் பெற்றார்கள். ஆனால் முறையான கையொப்பம் பெற்ற கோப்பு அது. வெளியே போன கையொப்பத்தைத் திரும்ப வாங்க முடியாது. மூன்றாவது, ‘கென்ஷின் இம்பாக்ட்’ விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு டிரைவர். மிரட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் கும்பல் ஒன்று, அந்த விளையாட்டே இல்லாத கணினிகளுக்கு அந்த டிரைவரை மட்டும் எடுத்து வந்து, அதைக்கொண்டே ஆன்டிவைரஸைக் கொன்றதை 2022-இல் ட்ரெண்ட் மைக்ரோ விவரித்தது. உரிமையாளரை நம்பாமல் எழுதிய நிரல் எதிரிக்கு நல்ல ஆயுதமாகும். ஆன்டிவைரஸ் தொடக்கூடாத ஆழத்தில் உட்காருவதற்கென்றே எழுதப்பட்டது அல்லவா?

டிஜிட்டல் ஊடகம் தாக்குதலுக்கு வழியாவதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு படம், ஒரு பாட்டு, ஒரு பிடிஎஃப் ஆகியவை வெறும் தரவு என்று நாம் நினைக்கிறோம். அதைத் திறக்கும் நிரல் சிக்கலானது. சிக்கல் இருக்கும் இடத்தில் பிழை இருக்கும். 2015-இல் ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஊடக நூலகத்தில் ஜோஷுவா டிரேக் கண்ட ஓட்டைகள் கோடிக்கணக்கான போன்களைத் தொட்டன. ஓர் எம்எம்எஸ் வந்தாலே போதும், திறந்து பார்க்கவும் வேண்டாம். கூகிள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கம் அதன் பிறகுதான் தொடங்கியது.

2021-இல் கனடாவின் சிட்டிசன் லேப் பிடித்த ஃபோர்ஸ்டுஎன்ட்ரி இன்னும் ஆழமானது. பெகாசஸ் உளவு மென்பொருளை ஐபோனுக்குள் நுழைக்க என்எஸ்ஓ நிறுவனம் செய்தது அது. ஜிஃப் என்று பெயர் வைத்த கோப்பு, உள்ளே பிடிஎஃப், அதற்குள் ஜேபிஐஜி2 என்ற பழைய படச் சுருக்க முறை. ஸ்கேன் செய்த பக்கங்களைச் சிறிதாக்குவதற்காக வந்த அந்த முறையில், படத்துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் எளிய கட்டளைகள் உண்டு. அப்படி 70,000-க்கும் மேற்பட்ட கட்டளைகளை அடுக்கி, கூட்டவும் ஒப்பிடவும் தெரிந்த ஒரு சிறு கணினியையே படத்துக்குள் கட்டியிருந்தார்கள். கூகிளின் ப்ராஜெக்ட் ஜீரோ எழுதிய விளக்கத்தைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைக் கட்டியவர்களின் திறமை ஒரு பக்கம். அந்தத் திறமை செய்தியாளர்கள், மனித உரிமை ஆர்வலர்களின் போன்களில் நுழையப் பயன்பட்டது என்பது மறுபக்கம்.

இங்கே என் தரப்பினர் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். திறந்த மூலநிரல் என்றால் பத்திரம் என்று நாங்கள் சொல்லிப் பழகிவிட்டோம். ஃபோர்ஸ்டுஎன்ட்ரி நுழைந்த ஜேபிஐஜி2 நிரல் எக்ஸ்பிடிஎஃப் என்ற திறந்த மென்பொருளிலிருந்து வந்தது. யாரும் பார்க்கலாம் என்றிருந்தும் வேண்டியவர்கள் பார்க்கவில்லை. அதேபோல, இறுக்கிப் பூட்டிய போன்கள் சாதாரண மக்களைப் பல தீங்குநிரல்களிலிருந்து காப்பாற்றுகின்றன என்பதும் உண்மை. என் அம்மா கையில் அப்படிப்பட்ட போன்தான் இருக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். கையொப்பமிட்ட இயங்குதளம், சாவியைத் தனியே வைத்திருக்கும் சிப் இவையெல்லாம் நல்ல தொழில்நுட்பங்கள். அவற்றின் இறுதிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் சண்டை. என்னிடம் இருந்தால் அது என் வீட்டுப் பூட்டு. வெளியாளிடம் மட்டும் இருந்தால் நான் அங்கே குடியிருப்பவன்தான்.

இந்தத் தாக்குதல்களிலிருந்து ஊடக நிரல் எழுதுபவர்கள் கற்ற பாடம் ஒன்று இருக்கிறது. பாட்டையும் படத்தையும் திறக்கும் நிரலைக் கூண்டில் அடை. அதற்குள் என்ன நடந்தாலும் கணினியின் மற்ற பகுதிகளுக்குக் கை எட்டக்கூடாது. ஃபோர்ஸ்டுஎன்ட்ரிக்குப் பிறகு ஆப்பிள் செய்ததும் இதுதான். டி.ஆர்.எம். கேட்பது இதற்கு நேர் எதிரானது. பாட்டு ஓட்டும் நிரல் கூண்டுக்கு வெளியே வர வேண்டும், கணினியில் வேறென்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும், தன்னை யாரும் பார்க்கக்கூடாது. நல்ல பாதுகாப்பும் இறுக்கமான பூட்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாததற்கு இதுவே காரணம். 2014-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி வேறு வழியின்றி அடோபியின் பூட்டு நிரலை ஏற்றபோது, அதைச் சுற்றித் தாங்களே எழுதிய திறந்த கூண்டு ஒன்றைப் போட்டார்கள். அந்த மனத்தாங்கலை நான் மதிக்கிறேன்.

2017-இல் உலகளாவிய வலைக்கான தர அமைப்பு, உலாவிகளில் பூட்டிய காணொளியை ஓட்டும் முறையை அதிகாரப்பூர்வத் தரமாக்கியது. ஓட்டையைக் கண்டு சொல்லும் ஆய்வாளர்மேல் வழக்குப் போட மாட்டோம் என்று உறுப்பு நிறுவனங்கள் உறுதி தர வேண்டும் என எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் கேட்டது. பூட்டே வேண்டாம் என்றுகூடக் கேட்கவில்லை. அதுவும் கிடைக்கவில்லை. தரத்துக்கு ஆதரவாக விழுந்தவை 58.4 விழுக்காடு வாக்குகள். ஒருமித்த கருத்தோடு முடிவெடுப்பதைப் பெருமையாகக் கொண்ட அமைப்பு அது. ஃபவுண்டேஷன் அன்றே விலகியது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ தலைமையில் இது நடந்தது என்பதை என்னால் இன்றும் எளிதாக ஏற்க முடியவில்லை.

படைப்பாளியின் பக்கம் என்ன? பல மாதம் உழைத்து எடுத்த படம் வெளியான அன்றே இணையத்தில் வருவதைப் பார்க்கும் தயாரிப்பாளரின் வேதனை பொய்யல்ல. தமிழ்த் திரையுலகத்துக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பூட்டு அந்த வேதனையைத் தீர்த்ததா? முதல் உடைப்பு நடக்கும்வரைதான் பூட்டு. ஒருவர் உடைத்தால் போதும், மீதிப் பேருக்குப் பூட்டில்லாத நகல் கிடைத்துவிடும். பாட்டுத் துறை இதைத் தானே கண்டுகொண்டது. 2007 பிப்ரவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய திறந்த மடலில் ஒரு கணக்கு இருந்தது. முந்தைய ஆண்டில் பூட்டோடு இணையத்தில் விற்றவை 200 கோடிக்கும் குறைவான பாட்டுகள். பூட்டே இல்லாத சிடிகளில் அதே நிறுவனங்கள் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். முதலில் இஎம்ஐ இறங்கிவந்தது. 2008 ஜனவரியில் சோனி பிஎம்ஜியே பூட்டில்லாத எம்பி3 விற்க ஒப்புக்கொண்டது. 2009-இல் ஐட்யூன்ஸ் பாட்டுகளின் பூட்டு முழுவதும் கழன்றது. பாட்டு விற்பது அதனால் நின்றுவிடவில்லை.

பிறகு சந்தா வந்தது, பூட்டும் அதோடு திரும்பி வந்தது. மாதம் இவ்வளவு என்று கட்டி ஸ்பாட்டிஃபையிலோ நெட்ஃபிளிக்ஸிலோ கேட்பதும் பார்ப்பதும் வாடகை. வாடகை என்று சொல்லியே தருகிறார்கள். அதில் பூட்டு இருப்பதில் எனக்குக் குறை குறைவுதான். கணினியின் உட்கருவைத் தொடாமல் இருந்தால் சரி. ‘வாங்கு’ என்ற பொத்தானைக் காட்டிவிட்டு வாடகையைத் தருவதுதான் எனக்குப் பொறுக்காதது. 2009 ஜூலையில் அமேசான், உரிமையற்றவர் விற்ற பதிப்பு என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. பணம் திரும்பியது. அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் விற்ற புத்தகத்தை வீட்டுக்குள் வந்து எடுத்துச் செல்ல முடியும் என்று அன்று தெரிந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் எல்லாம் திறக்காமல் போயின. அங்கும் பணம் திரும்பியது. 2025 பிப்ரவரியில் கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக மாற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது. கலிஃபோர்னியா மாநிலம், வெறும் உரிமத்தை விற்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டு அதே ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டின் நுகர்வோர் சட்டத்திலும் இப்படி ஒரு வரி வேண்டும்.

எனக்கும் ஒரு சிறு இழப்பு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் சில மின்னூல்கள் வாங்கினேன். ஓரங்களில் நிறையக் குறிப்புகள் எழுதியிருந்தேன். கடை மூடியது, திறக்கும் மென்பொருளும் போனது. கோப்புகள் இன்னும் என் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. பெரிய தொகை ஒன்றும் இல்லை. குறிப்புகள்தான் வருத்தம்.

தமிழ் இதில் வேறு வழியில் போன கதை ஒன்று இருக்கிறது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தது. அன்று தமிழுக்கு யூனிகோடு புழக்கத்தில் இல்லை. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம் என்று குழப்பமாக இருந்த காலம். பிறகு திஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் வந்தது; நூல்கள் அதில் இருந்தன. யூனிகோடு நிலைத்த பின் அவற்றையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றினார்கள். ஒரு நிரல் எழுதி ஓட்டினால் போதும், நூல்கள் மாறின. எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, எந்த சர்வரும் உயிரோடு இருக்க வேண்டியிருக்கவில்லை.

அதே ஆண்டுகளில் மைக்ரோசாஃப்ட் தன் ரீடர் மென்பொருளோடு கொண்டுவந்த பூட்டிய மின்னூல் வடிவம் 2012-இல் கைவிடப்பட்டது. திஸ்கியில் தட்டச்சு செய்த நூல்களோ இன்று என் போனில் திறக்கின்றன. நேற்று இரவு ஒன்றைத் திறந்து, ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்.